மாற்றிக்கொள்ள மறுத்த சீட்டு

சூசைநாதன் அவர்கள் காலமான செய்தி எனக்கு அரியலூர் பஸ் கண்டக்டர் மூலமாக வந்தது. பெரம்பலூர் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடியில், குரும்பலூர்க்காரர் ஒருவருக்குக் கிரயப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். நான்கு எல்லைகளில் மூன்றை எழுதி முடித்திருந்தேன். கண்டக்டர் மடித்த காகிதம் ஒன்றை நீட்டி, "ரயிலடி போர்ட்டர் கொடுத்தாருங்க. சூசை சார் காலம்பற போயிட்டாராம். சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கிறாங்களாம்" என்றார். காகிதத்திலும் அதுதான் இருந்தது. அடியில் அவருடைய மனைவி ஆரோக்கியமேரி அம்மாளின் கையெழுத்து. மேற்கு எல்லையை எழுதாமலே பேனாவை மூடினேன். குரும்பலூர்க்காரர் நல்ல மனிதர். "போயிட்டு வாங்க, நிலம் எங்க ஓடிடப் போவுது" என்று சொல்லி அவரே என் பெட்டியை எடுத்துக்கொடுத்தார்.

அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். யுத்தம் முடிந்து இத்தனை நாளாகியும் பெட்ரோலுக்குப் பதில் கரி அடுப்பை முதுகில் சுமந்துகொண்டு ஓடும் பஸ் அது. மேடு வந்த இடத்திலெல்லாம் இறங்கித் தள்ளினோம். அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது. ஏன் வெட்கம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவரை அறிந்தவர்களுக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, அதைத் திருத்த வேண்டும். அறியாதவர்களுக்கு அவர் யார் என்று சொல்ல வேண்டும்.

சூசைநாதன் அவர்கள் அரியலூர் ரயில் நிலையத்தில் சரக்கு குமாஸ்தாவாக இருந்தவர். கொள்ளிடக்கரைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், பிறர் வயலில் கூலி வேலை செய்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். பாதிரியார் நடத்திய பள்ளியில் படித்து, அந்தத் தெருவிலிருந்து சர்க்கார் சம்பளம் வாங்கிய முதல் ஆள் ஆனார். ஒல்லியான உடம்பு. அந்த உடம்புக்குள் எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ, கூட்ஸ் வண்டி இரைச்சலையும் மீறிக் கேட்கும். அண்ணன் சவரிமுத்து கடைசிவரை கூலி வேலைதான் செய்தார். தம்பியைப் பற்றி அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் அல்ல.

சுதந்திரத்துக்கு நாலைந்து வருஷம் முன்னால், நான் அரியலூரில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்த நாளில், அவரைச் சந்தித்தேன். ரயிலடித் தெருவில் ஓடு வேய்ந்த ஒரு கட்டடத்தில் வாசகசாலை இருந்தது. அதற்குள் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு விவாத மன்றம் கூடும். செயலாளர் அவர்தான். அவர் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று அங்கே உண்டு. அச்சுக் கோணலாகிப்போன இரண்டு ரயில் டிக்கெட் அட்டைகளை ஒரு சிகரெட் டப்பாவில் போட்டு வைத்திருப்பார். ஒன்றின் முதுகில் 'வேண்டும்' என்று எழுதியிருக்கும், மற்றதில் 'வேண்டாம்'. பேசப்போகிற இருவரும் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். எது வருகிறதோ அந்தப் பக்கம்தான் பேச வேண்டும். ஒப்புக்குப் பேசக் கூடாது, முழு மனதோடு பேச வேண்டும். சீட்டை மாற்றிக்கொள்ள வேண்டுமானால் இருவரும் சம்மதிக்க வேண்டும். இவ்வளவுதான் விதி.

"இது என்ன கூத்து, நம்பாததைப் பேசுவதா?" என்று முதல் நாளே கேட்டேன்.

"நமக்குப் பிடிச்சதைப் பேசறதுக்கு மன்றம் எதுக்குங்க வைத்தியலிங்கம்? அதை வூட்டுலயே பேசிக்கலாமே. எதிராளி மண்டைக்குள்ள ஒரு மணி நேரம் குடியிருந்துட்டு வாங்க. அப்புறம் அவன் மேல கல்லு எறிய கை வராது" என்றார்.

ஒரு ஞாயிறு ரேஷன் வேண்டும் என்று பேசி எங்களைத் தலையாட்ட வைப்பார். இன்னொரு ஞாயிறு வேண்டாம் என்று பேசி, போன வாரம் தலையாட்டியதற்காக எங்களையே வெட்கப்பட வைப்பார். அவரோடு எத்தனையோ முறை மேடை ஏறினேன். ஒரு முறைகூட நான் ஜெயித்ததில்லை. எங்கள் வீட்டில், "இன்னிக்கு எத்தினி ஓட்டுல தோத்தீங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் காப்பி கொடுப்பார்கள். சிரித்துக்கொண்டு வாங்கிக் குடிப்பேனே தவிர, உள்ளுக்குள் ஒரு சின்ன முள் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

தேசப்பிதா சுடப்பட்ட செய்தி எங்கள் ஊருக்கு ரயில்வே தந்தி வழியாகத்தான் முதலில் வந்தது. அதை வாசகசாலைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. வாசலில் நின்று சொல்ல வாயெடுத்தார். அவ்வளவு பெரிய குரல் அன்றைக்கு வரவே இல்லை. சைகையால் சுவரிலிருந்த படத்தைக் காட்டிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஊர் கூடி தேசப்பிதாவுக்கு ஒரு நினைவு மண்டபம் கட்டுவதென்று முடிவாயிற்று. எங்கள் பக்கத்தில் சுண்ணாம்புக் கல்லுக்குப் பஞ்சமில்லை. தெருவுக்கு ஒரு நாள் வேலை என்று முறை வைத்தார்கள். பள்ளிவாசல் தெரு, மாதாகோயில் தெரு, சேரி என்று யாரும் விட்டுப்போகவில்லை. சவரிமுத்து தம் ஊர் ஆட்கள் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு கொள்ளிடக்கரையிலிருந்து நடந்தே வந்து கல் சுமந்தார். மண்டபம் முடிந்ததும் வாசகசாலையும் மன்றமும் அதற்குள் குடிபோகும், யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம் என்பது பேச்சு. தலையில் சும்மாட்டோடு நின்ற அண்ணனிடம் சூசைநாதன் அவர்கள், "அண்ணே, நீ சுமக்கிற கல்லு மேலதான் நான் நின்னு பேசப்போறேன்" என்று சொன்னதை நான் காதால் கேட்டேன்.

மறு வருஷம் மண்டபம் எழும்பி நின்றது. அப்போதுதான் பேச்சு திரும்பியது. வெறும் படம் போதாது, சிலையைப் பிரதிஷ்டை செய்து, பஞ்சாயத்து போர்டின் பொறுப்பிலேயே தினசரி பூஜை நடக்க வேண்டும் என்றார்கள் சிலர். போர்டு நடத்தும் இடத்தில் பூஜை எதற்கு என்றார்கள் சிலர். போர்டுத் தலைவர் குஞ்சிதபாதம் அவர்கள் அரிசி மில் வைத்திருந்தவர், சுதந்திரத்துக்காக ஜெயிலுக்குப் போனவர். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு உரிமையில்லை. தேசப்பிதாவின் பெயரைச் சொன்னாலே அவருக்குக் கண் கலங்கும். அவர்தான், "மன்றத்துல பேசிப் பார்ப்போம். நானே தலைமை ஏத்துக்கறேன். எந்தப் பக்கம் நியாயம் தெரியுதோ அப்படிச் செஞ்சுடலாம்" என்றார். டில்லியில் அப்போது நாட்டுக்கே சட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள். நாமும் நம் ஊர்ச் சட்டத்தைப் பேசித்தான் எழுதப் போகிறோம் என்று எங்களுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. சீட்டெடுத்துப் பேசும் விளையாட்டு வேறு, ஊர் முடிவு வேறு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. விதியை எழுதிய சூசைநாதன் அவர்களுக்கும் தோன்றவில்லை. எங்கள் மன்றத்தைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள் அந்தத் தவற்றை.

தலைப்பு: 'தேசப்பிதா விரும்பிய அரசுக்கு மதம் வேண்டுமா, வேண்டாமா?' புது மண்டபத்துக்குள்ளேயே கூட்டம். பூசிய சுண்ணாம்பு இன்னும் காயாமல் வாசனை அடித்தது. டப்பாவுக்குள் கையை விட்டேன். எனக்கு 'வேண்டாம்' வந்தது. அவருக்கு 'வேண்டும்'.

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். என்னைத் தூணுக்குப் பின்னால் அழைத்துப் போனார். "வைத்தியலிங்கம், மாத்திக்கலாங்களா? இன்னிக்கு ஒரு நாள். இதுல நான் பேச வேண்டியது நிறைய இருக்கு" என்றார்.

அவர் என்னிடம் எதையும் கேட்டவர் அல்லர். அன்றைக்குக் கேட்டார். அவருக்கு எந்தப் பக்கம் மனம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு விழுந்திருந்தது சுலபமான சீட்டு. கல் சுமந்த அத்தனை தெருவும் முன்னால் உட்கார்ந்திருந்தது. என் பக்கம் எதுவும் பேசாமலே ஜெயிக்கும் என்று நினைத்தேன். ஒரு தடவையாவது அவரை ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் காப்பி குடிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"போங்க சார், எனக்கே இன்னிக்குத்தான் நல்ல சீட்டு விழுந்திருக்கு. விதி நீங்க போட்டதுதானே?" என்று சிரித்தேன்.

அவரும் சிரித்தார். "ஆமா, நான் போட்டதுதான்" என்றார்.

முதலில் நான் பேசினேன். பத்திரம் எழுதுகிறவன் பத்திரம் போலவே பேசினேன். முதலாவதாக, இரண்டாவதாக என்று அடுக்கிக்கொண்டு போனேன். முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். பிறகு சூசைநாதன் அவர்கள் எழுந்தார். ஒப்புக்குப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அந்த மனிதருக்கு அது தெரியாது. தேசப்பிதா சாயங்காலந்தோறும் கூட்டத்தின் நடுவே பிரார்த்தனை செய்ததைச் சொன்னார். உண்ணாவிரதத்தைச் சொன்னார். கடைசியாக மார்பில் குண்டு பட்டபோதும் பிரார்த்தனைக்குத்தான் நடந்துகொண்டிருந்தார் என்று சொல்லி நிறுத்தினார். பிறகு, "அந்தப் பிரார்த்தனையைக் கழித்துவிட்டுப் பாருங்கள். அவரிடம் மிஞ்சுவது ஒரு கைத்தடிதான். கைத்தடியை வைத்துக்கொண்டு நாட்டை ஆள முடியுமா?" என்று கேட்டார். எதிரே எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சவரிமுத்து கடைசி வரிசையில் எழுந்து நின்று கை தட்டினார். தம்பி என்ன பேசினார் என்பதைவிடத் தம்பி பேசினார் என்பதே அவருக்குப் போதும்.

தலைவர் ஓட்டெடுக்கவில்லை. எழுந்து நின்றபோது அவர் கண்ணிலும் நீர். "இனிமே ஓட்டு எதுக்கு? ஒரு கிறிஸ்தவரே சொல்லிட்டாரு. நமக்கு என்ன தயக்கம்? பிரதிஷ்டைக்கு நாள் பார்த்துடலாம்" என்றார். கைதட்டல் ஓய நெடுநேரமாயிற்று.

சூசைநாதன் அவர்கள் மேடையிலேயே பதறி எழுந்தார். "ஐயா, அது சீட்டுக்குப் பேசினதுங்க! என் அபிப்பிராயம் அது இல்லீங்க!" என்றார். கூட்டம் சிரித்தது. அவருடைய அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். மறுபடி சொன்னார். மறுபடி சிரித்தார்கள். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தோற்ற எரிச்சலில் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று வெளிச்சம் இருக்கும்போதே இருவரும் ரயிலடிவரை நடந்தோம். அப்போதுதான் சொன்னார்: "சாமியை எனக்குப் பிடிக்குங்க வைத்தியலிங்கம். தெனமும் ஜெபம் சொல்லாம நான் தூங்கறதில்ல. ஆனா நான் பார்த்த எல்லாச் சாமி வாசல்லயும் ஒருத்தன் காவலுக்கு நிக்கிறான். எங்க ஊர் மாதாகோயில்லயும் எங்க அப்பா ஓரமாத்தான் நின்னாரு. சர்க்கார் வாசல்லயாவது அந்தக் காவக்காரன் இல்லாம இருக்கணும். தேசப்பிதா கும்பிட்டாரு, நெசந்தான். திறந்தவெளியில உக்காந்து கும்பிட்டாரு. யாரு வேணா வந்து பக்கத்துல உக்காரலாம். சுத்திச் செவுரு எழுப்பிக்கலையே."

இதைத்தான் அவர் பேசியிருப்பார். நான் அந்த ஒரு அட்டையைக் கொடுத்திருந்தால் ஊர் இதைக் கேட்டிருக்கும். கேட்டு மனம் மாறியிருக்குமா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. கேட்டாவது இருக்கும்.

அதன் பிறகு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. போர்டுக்கு மனு எழுதினார். துணைக்கு நானும் போனேன். தலைவர் கோபப்படவில்லை. மன்றத்தின் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். "சூசை, எழுதினது நீங்க. கையெழுத்து உங்களது. இதைவிடப் பொருத்தமா ஒருத்தர் பேச முடியாது. இப்பப் போயி யாருக்குப் பயந்துக்கிட்டு மாத்திப் பேசறீங்க?" என்றார். நான் குறுக்கிட்டு எங்கள் சீட்டு வழக்கத்தை விளக்கினேன். "தோத்தவரு நீங்க. நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க" என்றார். நியாயமான பதில்தான்.

பிரதிஷ்டை நடந்தது. மேளம் வாசித்தார்கள். பேப்பர் படிக்கும் மேசை ஒரு மூலைக்குப் போயிற்று, பிறகு தாழ்வாரத்துக்குப் போயிற்று, பிறகு காணாமல் போயிற்று. செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், சரி. குளித்துவிட்டு வரச் சொன்னார்கள். அடுத்து வாசலில் ஒரு கயிறு வந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கோயிலுக்குள் எல்லோரும் போகலாமென்று சட்டம் வந்துவிட்டதே என்றால், இது கோயில் இல்லை, மண்டபம் என்றார்கள். மண்டபம்தானே, உள்ளே போகலாமே என்றால், பூஜை நடக்கிற இடம் என்றார்கள்.

ஒரு சந்தை நாளில் சவரிமுத்து தம் ஊர் ஆட்களோடு மண்டபத்தைப் பார்க்க வந்தார். தாம் சுமந்த கல் எது என்று காட்டப்போனவரைக் கயிற்றருகே நிறுத்தினார்கள். "உன் தம்பி பேசித்தான்யா இதெல்லாம் வந்தது. அவரையே போயி கேளு" என்றார்களாம். நேரே சரக்கு ஆபீசுக்கு வந்தார். நான் ஒரு பார்சல் விஷயமாக அங்கே நின்றிருந்தேன். அண்ணன் உள்ளே வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

"நீ வாயத் தொறந்தா ஊரே கேக்கும்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்டா தம்பி" என்றார். "கேட்டுருச்சு."

"அண்ணே, அது சீட்டுண்ணே..." என்று இவர் எழுந்து ஓடினார். அவர் அதற்குள் தண்டவாளத்தைத் தாண்டிவிட்டார். அதன் பிறகு அண்ணன் தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இவர் ஊருக்குப் போனபோது, தெருவில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பூஜைக்காரர்களிடம் என்ன வாங்கிக்கொண்டு பேசினாய் என்று ஒருவர் கேட்டுவிட்டாராம். அதை என்னிடம் சொன்னபோது அவருக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மன்றம் மறுபடி கூடவே இல்லை. பழைய ஓட்டுக் கட்டடம் விதை நெல் கிடங்காகிவிட்டது. அவர் பேசுவதை நிறுத்திக்கொண்டார். சரக்கு ரசீதைக்கூட நீட்டுவாரே தவிர வாய் திறக்க மாட்டார். இருமல் வந்தது, ரத்தம் வந்தது, திருச்சிக்குப் போய்வந்தார். நான் பெரம்பலூருக்கு மாறிக்கொண்டேன். அங்கே தொழில் நன்றாக நடக்கும் என்று எல்லோரிடமும் சொன்னேன். மண்டபத்தைத் தாண்டித் தினமும் ஆபீசுக்குப் போக முடியவில்லை என்பதே உண்மை. கடைசியாகப் போன மாசிமாதம் அவரைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் மனம் துணிந்து, "சார், அன்னிக்கு நான் சீட்டைக் கொடுத்திருக்கணும்" என்றேன்.

 "நான் புடுங்கியாவது வாங்கியிருக்கணும். இல்லேன்னா மோசமாப் பேசியிருக்கணும். மோசமாப் பேச எனக்கு மனசு வரலீங்க. கூட்டம் கேக்கும்போது எனக்குக் கிறுக்குப் புடிச்சுப் போச்சு" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

பஸ் அரியலூர் போய்ச் சேரப் பகல் ஒரு மணிக்கு மேலாகிவிட்டது. வீட்டுக்குப் போவதற்கு முன்னால் நேரே தலைவரின் மில்லுக்குப் போனேன். அடக்கம் முடிந்ததும் மண்டபத்தில் ஓர் இரங்கல் கூட்டம் நடத்த அனுமதி கேட்டேன். அவர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்பேர்ப்பட்ட பேச்சு! இன்னும் என் காதுல இருக்கு" என்றார். பிறகு தயங்கி, "ஆனா அங்க முடியாதுங்க வைத்தியலிங்கம். பிரதிஷ்டை பண்ணின இடம். சாவுத் தீட்டு ஆகாது" என்றார்.

"ஒரு சாவுக்காகத்தானே ஐயா அந்த மண்டபத்தையே கட்டினோம்?"

"அவரு சாவலையே. தெய்வமாயிட்டாரே" என்றார். அதை அவர் மனதாரச் சொன்னார்.

ஆகவே, மண்டபத்தில் வாசிக்க வேண்டிய இந்த அஞ்சலியை வாசிக்க எனக்கு இடமில்லை. எழுதி மட்டும் வைக்கிறேன்.

ரயில்வே லைன் வீட்டில் கூட்டம் அதிகமில்லை. போர்ட்டர்கள், இரண்டு குமாஸ்தாக்கள், பள்ளிவாசல் தெருவிலிருந்து ஒரு பாய். கொள்ளிடக்கரையிலிருந்து யாரும் வரவில்லை. "அவங்க அண்ணனுக்கு ஆள் அனுப்பியிருக்கேங்க. வந்துருவாரு" என்று ஆரோக்கியமேரி அம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தார். நான்கு மணியாயிற்று, நாலரையாயிற்று. பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்தார். சவரிமுத்து வரவில்லை. அந்த அம்மாள் என் பக்கம் வந்து, "இதை உங்ககிட்டக் கொடுத்துடச் சொன்னாரு" என்று சிகரெட் டப்பாவை நீட்டினார். திறந்தேன். இரண்டு அட்டைகளும் அப்படியே இருந்தன. எழுத்து மட்டும் மங்கியிருந்தது.

சவப்பெட்டியை மூடப்போகும் நேரத்தில் முன்னால் போனேன். நல்ல வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். கையில் ஜெபமாலை. எனக்கு விழுந்த சீட்டை, அந்த 'வேண்டாம்' என்ற அட்டையை, அவருடைய சட்டைப் பையில் வைத்தேன். பாதிரியார் என்ன அது என்பது போலப் பார்த்தார். டிக்கெட்தானே என்று விட்டுவிட்டார்.

சூசை சார், மாற்றிக்கொண்டுவிட்டோம். நீங்கள் கேட்ட பக்கம் இப்போது உங்களிடம் இருக்கிறது. அங்கே யாராவது கேட்க உட்கார்ந்திருந்தால் பேசுங்கள். இங்கே கயிறு அப்படியேதான் கட்டியிருக்கிறது. உங்கள் சீட்டு என் பெட்டியில், முத்திரைக் காகிதங்களுக்கு அடியில் கிடக்கிறது. போய்வாருங்கள்.